என் பெயர் தொப்

ஹெட்விகாவுக்குக் காது கேட்காது.
சைகையில் அவள் எனக்கு வைத்த பெயர்
உள்ளங்கைமேல் விழும் ஒரு முஷ்டி.
எழுதினால், தொப்.

ஹ்ருபா ஸ்காலாவில் மணற்பாறைகள்
பைன் மரங்களுக்கு மேலே தலை நீட்டி நிற்கும்.
இங்கே கையில் வெள்ளைப்பொடி பூசக்கூடாது.
விரிசலில் இரும்பு செருகக்கூடாது.
முடிச்சுப் போட்ட நாடாவைத் திணித்து
அதை நம்பிப் போகவேண்டும்.
நான் நாடாவை நம்பவில்லை. கையை நம்பினேன்.

லிபெரெட்ஸில் அலமாரி ஏற்றி இறக்கும் வேலை எனக்கு.
துணி வெளுக்கும் இயந்திரத்தை மூன்று மாடி
தனியாகத் தூக்கிப்போகிற தோள்.
பாறையையும் அப்படித்தான் இழுத்தேன்,
அதுதான் என்னிடம் இறங்கி வரவேண்டும் என்பதுபோல.
ஒன்பது மீட்டரில் வளையம்.
பன்னிரண்டில் முன்கை மரத்துப்போகும்,
விரல்கள் என்னைக் கேட்காமல் திறக்கும்.
அப்புறம் கயிறு, அப்புறம் வானம்,
அப்புறம் கீழே அவள் முகம்,
உதட்டோரம் ரொட்டித் துணுக்கு.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம்.
நான்கு ஞாயிறு அடித்தேன்.
நகர்ந்தது என் தோள்மூட்டு.

சத்தமில்லாமல் கால் வை என்று
எல்லோரும் சொல்வதுதான்.
கேட்காத ஒருத்தியிடம் அதை எப்படிச் சரிபார்ப்பது?
தயங்கித் தயங்கிக் கேட்டேன்.
அவள் கைகள் சொன்னது இது:
உன் சத்தம் எனக்குத் தெரியும்.
உன் கால் பாறையை இரண்டு முறை தொடுகிறது,
முதலில் தேட, பிறகு மன்னிப்புக் கேட்க.
இரண்டுக்கும் நடுவே
கயிறு என் கையில் ஒரு துள்ளுத் துள்ளும்.

பிறகு மழை.
நனைந்த மணற்பாறையில் யாரும் ஏறமாட்டார்கள்;
ஈரத்தில் அது தேநீரில் தோய்த்த பிஸ்கட்.
இரண்டு நாள் விடுதியின் மரப்படிக்கட்டில் பழகினேன்.
அடியில், பலகையில் முதுகு பதித்து அவள்.
மேலே, காலுறையோடு நான்.
வைத்து முடியும்வரை கண்ணை எடுக்காதே.
பெருவிரல் போதும், பாதத்தைத் தானம் செய்யாதே.
எடையை இடுப்பு கொண்டுவரும்,
கால் அதை வாங்கிக்கொள்ளட்டும்.
பிழைக்கு ஒரு தட்டு, கீழிருந்து.
ஒரு மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்தாள்.
விடுதிக்காரர் யிந்த்ரா எட்டிப்பார்த்து
எலி பிடிக்கிறீர்களா என்றார்.

மூன்றாம் நாள் மாலை பாறை காய்ந்தது.
வளையம் தாண்டி,
எப்போதும் தாவுகிற இடத்தில் தாவாமல்
வலது இடுப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
கை நீளவில்லை.
பிடிதான் பக்கத்தில் இருந்தது,
இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறது.
பருப்பளவு மேடு ஒன்று.
பார்த்தேன், வைத்தேன், நின்றேன்.
என் மூச்சு எனக்கே கேட்டது.
பன்னிரண்டு எப்போது போனதென்று தெரியவில்லை.

பதினேழில் தெரிந்துவிட்டது.
சந்தோஷத்தில் இடது காலை உதைத்து ஊன்றினேன்.
விழுந்தேன்,
இதுவரை விழாத ஓர் இடத்திலிருந்து.
தொங்கியபடி குனிந்தால்
இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள்,
என் பெயரைச் சொல்லக் கை காலியில்லை.

துர்னோவ் நிலையத்தில் கடைசி ரயில்.
தோளில் கயிறு, பின்னால் ஆறேழு பேர்.
பெட்டியின் படியைப் பார்த்து,
பெருவிரல் வைத்து,
இடுப்பைக் கொண்டுபோய்,
ஏறினேன்.
யாரோ பொறுமையிழந்து இருமினார்கள்.
கதவுக் கண்ணாடியில் ஹெட்விகா தெரிந்தாள்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
பெயரை மாற்றவில்லை.
அதே முஷ்டி, அதே உள்ளங்கை.
இறங்க மட்டும்
கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது.